கறள் இல்லாத காரும் இடப்பக்கத்து ஆளும்

நேற்று அடித்த ஷிரோக்கோ என்ற பாலைவனக் காற்று இத்தாலியின் பலெர்மோ நகர் முழுவதையும் செம்மண் தூளால் மூடிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் வாளியும் துணியுமாக இறங்கி என் பழைய காரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கடல் தாண்டி வரும் இந்தத் தூளை ஊரே திட்டுகிறது. எனக்கென்னவோ கோபம் வருவதில்லை. கார் வீட்டுக்கு வந்த நாளில் அதன் கம்பளத்துக்கு அடியிலும் இதே நிறத்தில் ஒரு கை மண் கிடந்தது.

அதற்கு முன் வைத்திருந்தது ஒரு சின்னக் கார். உப்புக் காற்றில் நின்று நின்று அதன் அடித்தட்டு துருப்பிடித்து, கறள் அதைத் தின்றுவிட்டது. ஒருநாள் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போகும் வழியில், "இஞ்சேருங்கோ, காலுக்குக் கீழை றோட்டு ஓடுது!" என்று என் மனைவி கத்தினாள்.

அப்போது நாங்களும் மன்னாரிலிருந்து வந்த ஜோர்ஜ் அண்ணர் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் பாதிப்பேர் காரில், மீதிப்பேர் பஸ்ஸில். பஸ்ஸில் வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். எல்லாரும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசையாக இருந்தது.

நகரின் பிரான்காச்சோ பகுதியில் பழைய வண்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கும் ஒருவரிடம் இந்தக் கார் நின்றது. மூன்று வரிசை இருக்கை. அவுஸ்திரேலியாவில் மழை காணாத உள்நாட்டுப் பக்கம் யாரோ குடும்பத்தை ஏற்றித் திரிந்த வண்டி. லிபெர்த்தா வீதியில் தன் எசமானி சின்யோராவின் வீட்டு வேலை முடிந்து நேரே வந்த ஜோர்ஜ் அண்ணர், வெள்ளைச் சட்டையோடு அடியில் புகுந்தார். ஃபிரிஜ் கதவிலிருந்து கழற்றி வந்த காந்தத்தை, பெயின்றுக்குக் கீழே தகரம்தானா பூச்சா என்று ஒட்டி ஒட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு பொட்டுக் கறள் இல்லையடா. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு."

நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். ஸ்டியறிங் வலப்பக்கம் இருந்ததை இரண்டு பேருமே குறையாக எண்ணவில்லை. ஊரில் அப்படித்தானே ஓட்டிப் பழகினோம்!

முதல் லொறிக்குப் பின்னால் அகப்பட்டபோதுதான் விளங்கியது. இங்கே வீதியின் வலப்பக்கமாக ஓடவேண்டும். வலப்பக்கம் இருக்கிற எனக்கு லொறியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் இருந்த ஜோர்ஜ் அண்ணர் தலையை வெளியே நீட்டினார்.

"பொறு... பொறு... ஒருத்தன் வாறான்... இப்பப் போ!"

போனேன். பிறகு எப்போதும் அப்படித்தான். பின்னாலிருந்து பிள்ளைகள் "அந்தியாமோ! அந்தியாமோ!" என்று, போவோம் போவோம் என இத்தாலியனில் அவசரப்படுத்துவார்கள். நான் அவர் சொல்லுக்குக் காத்திருப்பேன். அவர் போகச் சொன்னால் யோசித்ததே இல்லை. ஒரு மனிதரை அப்படி நம்புவது எவ்வளவு சுகம் என்று அந்த நாளில் எனக்குத் தெரியவில்லை.

இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். "பிள்ளையளின்ரை படிப்புக்காகத்தான் போறம். நீயும் வாவன்" என்றார் ஜோர்ஜ் அண்ணர். "பாப்பம்" என்றேன். அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனதும் இந்தக் காரில்தான். வழியில் ஒரு பஸ் மறித்தது. தலையை நீட்டிப் பார்த்து, "இப்பப் போ" என்றார். திரும்பி வரும்போது ஒரு வண்டியைக்கூட நான் முந்தவில்லை.

துடைத்து முடித்துக் குனிந்து அடியைப் பார்த்தேன். இன்னும் ஒரு பொட்டுக் கறள் இல்லை. என் பிள்ளைகளும் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள், பின் இருக்கைகள் மடித்தபடி கிடக்கின்றன. இடப்பக்கத்தில் இப்போது என் மனைவி. எதிர்ப்பக்கம் வெறிச்சென்று கிடந்தாலும், கேட்டால் "பொறுங்கோ" என்றுதான் சொல்வாள். பகேரியா வரைக்கும் எலுமிச்சை லொறிக்குப் பின்னாலேயே போய்ச் சேருகிறோம்.