காலியாக நின்ற கிளை

என் மகள் மலாக்காவின் ஆயர் குரோவில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். போன மாதம் கம்பெனிச் செலவில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்து, ஒரு பெரிய தாளை மேசையில் விரித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கலர் கலராகக் கிளைகள். வியாபாரத்தில் சிக்கல் வந்தால் இப்படி வரைந்து யோசிக்க வேண்டுமாம். மைண்ட் மேப் என்று பெயராம். "இதுக்குப் போயா ரெண்டு நாளு?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே, இதே ஊரில் காஜா பேராங் பகுதியில் நான் இதைப் போட்டிருக்கிறேன். பெயர்தான் தெரியாது.

அப்போது எங்களுக்கு ஒரு மசாலா மில் இருந்தது. மில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறையில் ஒரு மெஷின், ஒரு தராசு, ஒரு பெஞ்சு. பின்னறையில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் பல வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய மெஷின் அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மிளகாய், மல்லி, சீரகத்தைக் காயவைத்து டின்னில் கொண்டுவருவார்கள். தமிழர் வருவார்கள், மலாய்க்காரர் வருவார்கள். நம் சாமியைக் கும்பிட்டு மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண்களும் வருவார்கள். மிளகாயோடு உலர்ந்த இறாலையும் சேர்த்து அரைத்துப்போகிறவர்கள் நிறைய.

அந்த வருஷம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மெஷின் பாதி நாள் சும்மா நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என் கணவர் சொன்னார்: "மூவார்ல ஒருத்தரு மெஷின கேக்குறாரு. திங்கக்கெழம வந்து பாக்குறாராம். குடுத்துட்டுத் தோட்டத்துக்கே போயிரலாம்."

தோட்டத்தைவிட்டு வந்த அன்று, லாரியில் ஏறிய பிறகு அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி செத்தாலும் அந்தக் கத்தியைத் தொட மாட்டேன் என்று சொன்ன மனுஷன். அவரே வாய்திறந்து போகலாம் என்கிறார் என்றால் எவ்வளவு உடைந்திருக்க வேண்டும்? ஆனால் எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "ஆளு ஏன் வரலைன்னு தெரியாமலே விக்கிறதா? உக்காருங்க இப்படி" என்றேன்.

காரணங்களை எழுதிப் பார்க்கலாம் என்று தூள் மடிக்கும் பழுப்புக் காகிதத்தை எடுத்தேன். முதல் வரியில் 'அரைப்பு சரியில்லை' என்று எழுதினேன். அவருக்குச் சுருக்கென்றது. அதை அடித்துவிட்டு, உஜோங் பாசிரில் புதிதாக வந்த மில்லை மேலே போடச் சொன்னார். மேலே எழுதியதுதான் பெரிய குற்றம் என்பதுபோல முதல் வரிக்கே சண்டை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொரு தாளை விரித்து நான்கு மூலையிலும் எடைக்கல்லை வைத்தேன். நடுவில் ஒரு வட்டம் போட்டு, 'ஏன் வரவில்லை' என்று எழுதினேன். "இதுல மேலயும் இல்ல, கீழயும் இல்ல. தோணுறத சொல்லுங்க, எழுதுறேன். இல்லைன்னு நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது" என்றேன். டின்னில் அடையாளம் போடும் நீலப் பென்சிலால் கிளை கிளையாக இழுத்தேன். அரைப்பு, காத்திருக்கும் நேரம், புது மில், வாசனை. அவர் நேராக என்னைப் பார்த்து, "ஒன் வாயி" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அதையும் எழுதினேன். அதற்கு இரண்டு துணைக்கிளை வேறு கேட்டார்.

இரண்டு பேரும் சிரித்ததில் அவருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது. 'யார்' என்று ஒரு கிளை இழுத்து, வராதவர்களை எழுதினோம். போலீஸ்காரர் மனைவியான மலாய்க்கார அக்கா, பின்தெருச் செட்டி வீட்டம்மா, மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்து விற்கும் தமிழ் முஸ்லிம் பாய். மூன்று பேருக்கும் எந்தக் குறையும் பொருந்தவில்லை. பாய்க்கு அரைப்பு பிடிக்கும். செட்டி வீட்டம்மாவுக்கு என் வாயே பிடிக்கும். அப்புறம் 'எந்தக் கிழமை வருவார்கள்' என்று ஒரு கிளை இழுத்தேன். அவர் எழுந்துவிட்டார். மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டுமாம். காலையில்தான் விட்டிருந்தார்.

தாள் முழுக்க எழுத்து, அந்த ஒரு கிளை மட்டும் காலி. எனக்கு அது உறுத்தியது. மறுநாள் காலை செட்டி வீட்டம்மாவைத் தேடிப்போய், எனக்குத் தெரிந்த மலாயில் நேராகவே கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். வெள்ளிக்கிழமை இறால் அரைக்க முடியாது என்று உன் வீட்டுக்காரர்தானே திருப்பி அனுப்பினார், அதுவும் மூன்று தடவை என்றார். அவர் வீட்டிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் சனி, ஞாயிறு விருந்துச் சமையலுக்கு வெள்ளிக்கிழமைதான் அரைப்பார்களாம். பாயும் தொழுகை முடிந்து வரும் வழியில் இறால் டின்னைக் கொண்டுவருவாராம். இறாலுக்காக உஜோங் பாசிர் போகிறவர்கள் மிளகாய்க்கு மட்டும் எதற்கு இங்கே வரப்போகிறார்கள்?

அந்த உத்தரவு என்னுடையது.

முந்தின வருஷம் மகளுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தோம். பிள்ளை எழுந்தால் எங்கள் மெஷினில் வெள்ளிக்கிழமை கவுச்சி விழாது என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்தாள். இவரிடம் சொன்னேன், சரி என்றார். வெள்ளிக்கிழமை நம் பெண்கள்தானே வருவார்கள், அவர்களுக்கும் சுத்தமாக இருக்குமே என்று கணக்குப் போட்டேன். நம் பெண்கள் வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றுவார்களா, மிளகாய் டின்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பார்களா? நானே வியாழக்கிழமைதான் அரைப்பேன். வெள்ளிக்கிழமை முழுக்கப் பின்கட்டிலும் கோயிலிலும் இருந்ததால், முன்னறையில் யார் திரும்பிப் போனார்கள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

காலியாக இருந்த கிளையில் 'வெள்ளி' என்று எழுதி, மூன்று பேரிடமிருந்தும் அதற்குக் கோடு இழுத்தேன். பக்கத்தில் 'நான்' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல? மெஷின விக்கிற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தா எப்படி?"

"சொன்னா நேத்திக்கடன விட்டுருவ. அப்புறம் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அழுவ" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டிக்கொண்டது நான், சுமந்தது அவர். நேர்ந்துகொண்டதைக் கைவிடவும் பயமாக இருந்தது. தாளை மறுபடி பார்த்தேன். 'நான்' என்பதிலிருந்து புதிதாக ஒரு கிளை இழுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். "மெஷின விட்டுரு தாயி, என்னப் புடிச்சிக்க. வெள்ளிக்கிழமை பொழுது சாயிற வரைக்கும் நான் பட்டினி கெடக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே நேரம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக்கும் சொல்லப் போயிருந்தார்.

மறுநாள் பாய் வந்தார். செட்டி வீட்டம்மா வந்தார், கூட இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு. போலீஸ்காரர் மனைவி வரவில்லை, கடைசிவரை வரவேயில்லை. சாயங்காலம் வரை மெஷின் ஓடியது. இறால் வாசனையில் வெறும் வயிறு புரட்டியது, ஆனாலும் நான் முன்னறையைவிட்டு நகரவில்லை. மூவார்க்காரருக்கு வர வேண்டாம் என்று என் கணவர் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

விளக்கேற்றிவிட்டு வந்து சோறு போட்டேன். அவர் பரக்கப் பரக்க அள்ளிச் சாப்பிட்டார். அடுப்படியில் பார்த்தால், மத்தியானம் அவருக்கென்று மூடி வைத்த சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது.

"நேந்துகிட்டது நானு. நீங்க எதுக்குப் பட்டினி கெடக்குறீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புள்ள எனக்கும்தான்" என்றார்.

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.