தூங்கிப்போன மாரியம்மன்

கம்ப்யூட்டரில் மாரியம்மன் சிலை செதுக்கப் பழகுறேன். அவ பார்த்துக்கிட்டே இருந்தா கை நடுங்காதுன்னு, இன்னிக்கு விளக்கேற்றி, பொங்கல் படைச்சு, முதல்லயே அவ கண்ணைச் செதுக்கித் திறந்துட்டேன்.

மூக்கு படிக்கட்டு மாதிரி வந்தது. படத்தை, என்னை மாதிரி பழகுறவங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

முத்தியால்பேட்டைத் தங்கச்சி ஒருத்தி எழுதினா: "ரெசல்யூஷன் கம்மி அக்கா, சிலையில இருக்கிற கட்டமெல்லாம் பெருசு பெருசா இருக்கு. ரெசல்யூஷனை ஏத்துங்க, கட்டம் சின்னதாகி மூக்கு சரியாயிடும். ஆனா அது முகம் முழுக்க வழிச்சு விட்டுடும், செதுக்கின கண்ணும் கரைஞ்சிடும். கோயில்லயே கண்ணு கடைசியிலதானே திறப்பாங்க?"

"திறந்த கண்ணை மூடலாமாம்மா?"

"அப்ப படிக்கட்டைக் கும்பிடுங்க."

மன்னிப்பு கேட்டுக்கிட்டு ஏத்தினேன். அலை வந்துபோன மணல் மாதிரி முகம் வழவழன்னு ஆச்சு. கண்கள் மெல்லக் கரைந்து, அம்மன் தூங்கிட்டா. அத்தனை அமைதி.

"இப்படியே விட்டுடு," என்கிறார் என் வீட்டுக்காரர்.

எனக்கும் மறுபடி கண் செதுக்கி எழுப்ப மனசில்லை. ஆனா படையல் பொங்கல் ஆறிக்கிட்டிருக்கு. நீங்களா இருந்தா எழுப்புவீங்களா?