ஏழு படி, ஒரே மூச்சு

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியபோது, சுற்றிக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. "பத்து வாக்கியம் பிரெஞ்சில சொல்லிக் காட்டு. வெள்ளிக்கிழமை கேப்பேன். வரலைன்னா கொழும்பில இருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக்குவேன்" என்றார் தோட்டத்து மேனேஜர் தொரை. மலையில் கொழுந்து எடுக்கிற எனக்கு அந்த வேலை வேண்டும். அட்டை கடிக்காத காலில் நல்ல செருப்புப் போட்டு வேலை பார்க்க வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கைப்பேசியைக் கேட்டுக் கேட்டு ஒன்பது வாக்கியங்களைப் பிடித்துவிட்டேன். பத்தாவதுதான் மல்லுக்கு நின்றது. 'நாங்கள் உங்களோடு கூட வருவோம்' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வினைச்சொல் பதுளை ரயில் மாதிரி நீளம். எழுதியிருந்த எழுத்தையெல்லாம் விடாமல் வாசித்தேன். எழுதினால் வாசிப்பதுதானே நம் பழக்கம்? அவர்களுக்கோ கடைசி எழுத்தெல்லாம் சும்மா, வாயில் வராது. "என்ன புள்ள, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். நுவரெலியாவில் த்ரீவீல் ஓட்டுகிறவருக்கு அந்தப் பேச்சுத்தான் வரும். வந்த கோபத்தில் அன்று ரொட்டிக்குச் சம்பல் அரைக்கவில்லை.

வாக்கியத்தைத் துண்டு போட்டேன். நூ, வூ, ஸா, கோன், பா, ஞெ, ரோன். ஏழில் ஐந்து அந்த ஒரே வினைச்சொல்லுக்கு. கோனிலும் ரோனிலும் 'ன்' மூக்குக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். தனித்தனியாக நன்றாகத்தான் வந்தது. சேர்த்தால் நடுவில் மூச்சு வாங்கிச் சரிந்தது.

வியாழக்கிழமை, கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பெண்கள் வரிசையாகப் படியேறினோம். சுமையோடு ஏறுகிறவள் படிக்குப் படி மூச்சு விட மாட்டாள். ஏழெட்டுப் படியை ஒரே மூச்சில் ஏறி, கடைசிப் படியில் அழுத்தி நின்றுதான் விடுவாள். படிக்கு ஒரு துண்டாகச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது படியில் ரோன் தானாக நீண்டது.

"என்னடி முணுமுணுக்குற?" என்றாள் பின்னால் வந்த கூட்டாளி.

"'நாங்க கூட வருவோம்'னு அர்த்தம்டி."

"அட, நல்லாத்தான் இருக்கு" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். மடுவம் போய்ச் சேர்வதற்குள் வரிசை முழுக்க அதே பாட்டு.

மறுநாள் தொரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்பது வந்தது, பத்து வரவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஐயா, படி ஏறிக்கிட்டே சொல்லவாங்க?" அவர் சிரித்துவிட்டு மாடிப்படியைக் காட்டினார். ஏறினேன். அவர் நீட்டிப் பிடித்த கைப்பேசி அதைக் கேட்டு, பிசகாமல் தமிழில் பெயர்த்து எழுதிக் காட்டியது. "திங்கக்கிழமை வா" என்றார்.

திங்கள் காலை புதுச் செருப்போடு ஸ்டோர் பாதையில் தனியாகப் போனேன். அவ்வளவு ஆசைப்பட்ட வேலைதான், ஆனாலும் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் கொழுந்து வரிசைக்காரிகள் இல்லாமல் நான் வேலைக்குப் போனதே இல்லை. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். கூட்டாளிதான் தொடங்கினாள். நூ, வூ, ஸா... வரிசையே சேர்ந்து கத்தியது, கடைசி ரோனைப் பள்ளம் வரைக்கும் நீட்டி. அழுகையும் சிரிப்புமாக நின்றேன். அர்த்தம் தெரிந்துதான் சொன்னார்கள்.