போட்டோ ஓரத்துல இருந்த ஒட்டு

பவுடர் டப்பா மூடியத் தொறந்ததும் மல்லிப்பூ வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒண்ணா மூக்குல ஏறுச்சு.

உள்ள ஒரு நெகட்டிவ் துண்டு. நாலு படம். வருசக்கணக்கா டப்பாக்குள்ள சுத்திக் கெடந்ததால, வெளிய எடுத்ததும் விரல்ல மோதிரம் மாதிரி சுருண்டுக்கிச்சு.

அப்ப காலடிப்பேட்டையில ஒரு ஸ்டுடியோவுல எனக்கு வேல. டிஜிட்டல் கேமரா தலகாட்டுன புதுசு. மூடியில லைட் வச்சு நெகட்டிவையே ஸ்கேன் பண்ற மிஷினு, ராயபுரத்துலேந்து எண்ணூர் வரைக்கும் எங்க கடையில மட்டுந்தான். அத ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நான். ஒம்பதாவது பெயிலு... ஆனா இங்கிலீஷ் மேனுவல படம் பாத்தே முடிச்சவன். ஜப்பான்காரன் மட்டும் பாத்திருந்தா கையோட கூட்டிக்கினு போயிருப்பான்.

டப்பாவக் கொண்டாந்தது கஸ்தூரி அக்கா. மீன் விக்கிறவங்க. அவங்க வூட்டுக்காரர் மீன் புடிக்க ஓட்டுற பைபர் போட்டு, படகுதான், பத்து நாளைக்கு முன்னாடி அடிச்ச காத்துல கயிறு அறுந்து போயிடுச்சு. வடக்க ஒரு குப்பத்துல கரையேறிக் கெடக்குதுன்னு சேதி. போய்ப் பாத்தா, அந்தக் குப்பத்துல சில பேரு நம்பர் மேலயே பச்ச பெயிண்ட் அடிச்சு 'எங்க போட்டு'ன்னு சாதிக்கிறானுங்க.

"நம்ம போட்டு மூக்காண்ட ஒரு ஒட்டு கீதுப்பா. கல்லுல இடிச்சு, என் வூட்டுக்காரரே ஒட்னது. 'ஒட்டு இல்லாத போட்டு எங்க கீது?'ன்றானுங்க. ரெண்டு ஊரு பெரியவங்களும் போட்டோ கேக்குறாங்க. நாலு மணிக்கு பஞ்சாயத்து."

அவங்க பொண்ணு அந்தப் போட்டுல சாஞ்சு நின்ன படம் வூட்டு செவுத்துல மாட்டிக்கினு இருந்துச்சு. ஆனா பிரிண்ட் போட்டவன் ஓரத்த வெட்டிட்டான். ஒட்டு நெகட்டிவ்ல மட்டுந்தான்... அதுவும் ஓரத்துலயும் ஓரத்துல.

மணி பன்னெண்டு. நான் வாய வச்சுக்கினு சும்மா இருந்தேனா? "அரமணி நேரம்க்கா. டீ குடிச்சுக்கினு இரு"ன்னுட்டேன்.

மொத ஸ்கேன். பொண்ணு மொகம் நடுவுல, கம்மல்ல கல்லு எண்ணலாம், அவ்ளோ தெளிவு. ஓரத்துல ஒரே பனிமூட்டம். பிலிம் வளைஞ்சு, ஓரம் மட்டும் கண்ணாடிய வுட்டு தூக்கிக்கினு நிக்குது. தூக்குன எடம் மங்கத்தான் செய்யும்.

"இன்னா நைனா, என் பொண்ண எனக்கே காட்றியா? ஒட்டு எங்க?"

"வரும்க்கா. மிஷினு சூடாவணும்." சுத்தப் பொய்யி.

ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒண்ண மேல வச்சு அமுக்குனேன். ஓரம் படிஞ்சுது. ஆனா வழவழன்னு கீற கண்ணாடி வழவழன்னு கீற பிலிம்ல ஒட்டுனா, மழத்தண்ணியில பெட்ரோல் மெதக்குற மாதிரி கலர் கலரா வளையம் வரும். கரெக்டா அந்த ஒட்டு மேலயே வந்து குந்திக்கிச்சு.

"இஸ்திரி போட்டுப் பாரேன்ப்பா."

சிரிச்சேன். அக்கா அந்தாண்ட திரும்புனதும், ஹேர் டிரையர எடுத்து சூடு காட்டுனேன். இன்னும் சுருண்டுச்சு! பிலிம் காயக் காய சுருளும்னு அப்பத் தெரியாது... சரி, தெரியும். பதட்டத்துல மறந்துட்டேன்.

மணி ஒண்ணேமுக்கா. டீயில ஏடு கட்டிக் கெடக்குது, அக்கா தொடவே இல்ல. என் கையெல்லாம் வேர்வ. ஒரு கீறல் வுழுந்தா போட்டு போச்சு. அக்கா வூட்டுக்காரர் இன்னொருத்தன் போட்டுல கூலிக்கு ஏறணும்.

மொட்டமாடிக்கு ஓடுனேன். பிலிமக் கொடிக்கயித்துல தொங்கவுட மேல ஒரு கிளிப்பு, கனத்துக்கு கீழ ஒரு கிளிப்பு. கடல் காத்து ஈரத்துல பிலிம் இளகும். பறந்துடுமோன்னு ரெண்டு கையயும் ஏந்திக்கினு அரமணி நேரம் அங்கியே நின்னேன். அப்புறம் எதிர்ப்பக்கமா சுருட்டி கொஞ்ச நேரம் வச்சேன். பாதி அடங்குச்சு. மீதிய அமுக்க கண்ணாடி வேணும்... வழவழன்னு இல்லாத கண்ணாடி.

அப்பதான் செவுத்துலேந்து மொதலாளியோட அப்பா என்னப் பாத்தாரு. மாலையோட. எதிர்ல டியூப்லைட்டு மொகத்துல அடிக்குதுன்னு, அவர் படத்துக்கு மட்டும் பளபளக்காத சொரசொரப்புக் கண்ணாடி.

மொதலாளி பெரம்பூர் போயிருந்தாரு. "பெரியவரே, பத்தே நிமிசம்"னு கன்னத்துல போட்டுக்கினு ஆணியப் புடுங்குனேன்.

பிலிமக் கவுத்து வச்சேன், வழவழ பக்கம் மேல, அதுக்கு மேல சொரசொரப்பு. ஸ்கேன் ஓடுது... அந்த நேரம் பாத்து மொதலாளி உள்ள வராரு.

"டேய்! எங்கப்பா கண்ணாடி எங்கடா?"

"ஸ்கேனர்ல சார்..."

"எட்றா வெளிய!"

"இப்பத் தொறந்தா எல்லாம் போச்சு சார்!"

கஸ்தூரி அக்கா எழுந்து நடுவுல வந்து நின்னாங்க. "ஐயா, உங்கப்பா எனக்கொரு ஒத்தாச பண்ணிக்கினு கீறாரு. செத்த வுடுய்யா."

படம் எறங்குச்சு. பிலிமக் கவுத்துப் போட்டதால இடவலம் மாறி வந்துச்சு. திருப்புனேன். ஓரத்துல, ரெண்டா பொளந்த மீன் வாலு மாதிரி... ஒட்டு!

"வாலு..."ன்னு அக்கா திரையத் தொட்டாங்க. மொதலாளியே பெருசா பிரிண்ட் போட்டாரு. மூணேகாலுக்கு ஆட்டோ கெளம்பிடுச்சு, நெகட்டிவும் கூடவே.

நாலு மணிக்கு எனக்கு பக்குன்னுச்சு. இடவலம் சரியா திருப்புனனா? ஒட்டு அந்தாண்ட பக்கம் வந்திருந்தா? நானே அவங்க போட்ட எடுத்து எதிராளி கையில குடுத்த மாதிரி ஆயிடுமே! சரிபாக்க நெகட்டிவும் இல்ல. அன்னிக்கு சோறு எறங்கல.

மறுநா காலையில அக்கா கூடையோட வந்தாங்க. வஞ்சிரம் ரெண்டு துண்டு. நான் மீனப் பாக்கல, அவங்க கையப் பாத்தேன். பத்து நகத்துலயும் பச்ச பெயிண்ட். சொரண்டிட்டு வந்துகீறாங்க.

"இன்னாப்பா, பேயறஞ்ச மாதிரி கீற? அந்தக் குப்பத்துப் பெரியவரு ஒட்டத் தடவிப் பாத்தாரு, போட்டோவப் பாத்தாரு... 'போ, இட்டுக்கினு போ'ன்ட்டாரு."

அப்புறம் ரெண்டு குப்பத்துலயும் என்னத் தூக்கிக் கொண்டாடுனாங்கன்னு நான் சொன்னா நீங்க நம்பணும்.

இப்ப போன்ல ஆயிரக்கணக்குல போட்டோ. ஒண்ணும் சுருளாது. எதுக்கும் மொட்டமாடிக்கு ஓட வேணாம்.

போன வாரம் எடுத்த குடும்பப் போட்டோவப் பாத்துட்டு எம்பொண்ணு சொன்னா, "நைனா, ஓரத்துல அந்த ஒடஞ்ச பக்கெட்டு கலீஜா கீது. வெட்டிட்டுப் போடு."

"கெடக்கட்டும்மா"ன்னேன்.

இந்தப் பதிவுக்குக் கீழ போட்டிருக்கேன் பாருங்க... பக்கெட்டோட.