காப்புக் கட்டிய கை

என் மகள் வயிற்றுப் பேத்தி கோவையில் ஒரு மகளிர் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததால், போத்தனூரில் என் வீட்டில் தங்கிப் படித்தாள். காலையில் நான் பதிகம் ஓத அமரும்போது அவள் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பாள். அவளைக் கல்லூரியில் விட்டுவிட்டு, மைதானத்து ஓரச் சிமெண்ட் பலகையில் அமர்ந்து எஞ்சிய பாடல்களை முடிப்பேன். ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றும் அரைகுறைதான். ஆனால், பந்து கைக்கு வந்ததும் அவள் தலையை உயர்த்திக் களம் முழுவதையும் ஒருமுறை பார்ப்பாள். அதைப் பார்க்கவே ஒரு போட்டியையும் தவறவிடாமல் போய்வந்தேன்.

முதலாண்டு பெரும்பாலும் மாற்று வரிசையில் கழிந்தது. இரண்டாம் ஆண்டில் களமிறங்கும் ஐவரில் ஒருத்தியானாள். அவ்வாண்டின் நடுவில், மேட்டுப்பாளையத்தில் நடந்த ஒரு சிறிய போட்டியில், குதித்து இறங்கியபோது அவளுடைய வலது முழங்கால் உட்புறமாக மடிந்தது. லிகமெண்ட் கிழிந்துவிட்டது என்றார்கள். அறுவைச் சிகிச்சையும் ஊன்றுகோலும், அதன்பின் கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தூக்கி இறக்கும் பயிற்சியுமாக ஓராண்டு போயிற்று. மூன்றாம் ஆண்டில்தான் மருத்துவர் ஆட விட்டார். பல்கலைக்கழக அணியிலும் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் நடக்கவிருந்த போட்டி அவளுடைய முதல் பல்கலைக்கழகப் போட்டி. படிப்பு முடியும் ஆண்டாகையால் கடைசிப் போட்டியும் அதுவே.

அவள் ஊன்றுகோலுடன் நடந்த நாள்களில் நான் ஒரு நேர்த்தி செய்திருந்தேன். கால் குணமானால், வெள்ளகோவிலை அடுத்த எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அவள் பூவோடு எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டேன். பூவோடு என்பது நெருப்புச் சட்டி. அதை எடுப்பவர், திருவிழா தொடங்கும் பூச்சாட்டன்று கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு, நோம்பி முடியும்வரை பதினைந்து நாளும் ஊர் எல்லையைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

அந்த ஆண்டு பூச்சாட்டு கல்லூரி விடுமுறையில் வந்தது. ஊருக்குப் பேருந்தில் போகும்போது அவள், “போட்டித் தேதி இன்னும் வரலீங்க அப்புச்சி, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?” என்றாள்.

“அம்மன் காரியத்துக்குத் தேதி கேக்கறதா கண்ணு?” என்று அவள் வாயை அடைத்தேன். காப்பும் கட்டியாயிற்று.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். போட்டித் தேதி குறித்துவிட்டார்கள், வியாழக்கிழமை ரயில். பேத்தி, காப்புக் கட்டியிருக்கும் விவரத்தை அவரிடம் சொன்னாள். “கயித்த அறுத்துப்போட்டு வா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா வேற பொண்ணு பேரைக் குடுத்துருவேன். எனக்கும் வேற வழியில்ல” என்றார் அவர்.

அவள் என்மீது கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. “அறுத்துப்போட்டுப் போகமாட்டனுங்க அப்புச்சி. முட்டிய அம்மன்கிட்டக் குடுத்து வாங்கிப்போட்டு, நாமளே வாக்கு மீறுனா நல்லாருக்காதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து அமர்ந்து காலைத் தூக்கி இறக்கத் தொடங்கினாள். போகாத போட்டிக்கு அந்தப் பயிற்சி எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இறைவனிடம் உரிமையோடு பேசலாம் என்று பாடல்களிலிருந்து கற்றிருந்தேன். இன்னொருத்தியின் உடம்பையும் நாள்களையும் என் உரிமையில் சேர்த்துப் பேச எனக்கு யார் இடம் கொடுத்தார்கள் என்று அன்றுதான் வெட்கத்தோடு எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் காலை இருவரும் பூசாரியிடம் போனோம். அவர் என்னோடு பள்ளியில் படித்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏனுங்க, இத்தன வருசமாப் பாட்டுப் படிக்கறீங்க, ஒரு நாளு காலண்டரையும் படிச்சிருக்கலாமில்லீங்க?” என்றார். பிறகு வழியும் அவரே சொன்னார். கட்டிய காப்பை அறுக்கக் கூடாது; ஆனால் இரத்த உறவு ஒருவர் அதை நோன்போடு தம் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அம்மனிடம் பூக்கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துப் பாதத்தில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம்.

“செவப்பு வந்தா என்னங்க பண்றது?” என்றாள் பேத்தி.

“வந்தா இங்கியே ஆடிக்கோ அம்மணி. ஆள் பத்தலைன்னா நானும் வாரேன்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் இலையில் மடித்து, கலந்து, பாதத்தில் வைத்தார். எடுக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். எந்த இக்கட்டிலும் ஒரு பாடலாவது நாவுக்கு வந்துவிடும் எனக்கு. அன்று ஒரு சொல்லும் வரவில்லை. கைக்கு அருகில் இருந்ததை எடுத்து நீட்டினேன். பூசாரி பிரித்து, என் முகத்தருகே கொண்டுவந்து காட்டினார். வெள்ளை.

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

காப்பு என் கைக்கு மாறியது. அவள் மாலைக்குள் பயிற்சியாளருக்குச் சொல்லிவிட்டு, வியாழனன்று ரயிலேறினாள். ஒரு வேளை உணவும் தரைப் படுக்கையுமாக நான் ஊர் எல்லைக்குள் இருந்தேன். அவள் ஆட்டத்தை நான் நேரில் காணாத போட்டி அது ஒன்றுதான்.

அரையிறுதி நடந்த நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்தாள். நான் அம்மன் கோயில் வாசலில் நின்றிருந்தேன்.

“தோத்துட்டமுங்க அப்புச்சி. நாலு புள்ளிதான்.”

“நீ ஆடுனியா?”

“கடைசி வரைக்கும் எறக்கிவிட்டாங்க. ஒருக்காக்கூட வெளிய உக்கார வெக்கல.”

“குதிச்சு எறங்கறப்போ?”

“எறங்குனனுங்க. மொதல்ல ரெண்டு தடவை பயமா இருந்துச்சு, அப்புறம் மறந்துபோச்சு. வீக்கமே இல்லீங்க, நானே தொட்டுப் பாத்துப்போட்டேன்.” பிறகு, “நீங்க அந்தச் சட்டிய எடுத்துருவீங்களா? சூடா இருக்குமாமுங்களே” என்றாள்.

எடுத்துவிடுவேன் என்றேன். அப்போது எனக்கு எதையும் எடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.