வடிகட்டும் துணிக்குள் ஒரு செடி

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக அறிவியல் டீச்சராக இருந்தேன். தலைமையாசிரியர் பனமலை ஏரிக்கரையிலிருந்து பூச்சி தின்னும் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். டிரோசிரா. உள்ளங்கை அகலம்கூட இல்லை. இலை முழுக்கச் சிவப்பு மயிர், ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி பிசின். அரையாண்டு லீவு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வருகிறார், அதுவரை வீட்டில் வைத்துக் காப்பாற்றுங்கள் என்றார். செத்துப்போனால் வேலை நிரந்தரமாவதைப் பற்றிப் பேச வராதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் ஜைனர்கள். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர் சாகக்கூடாது என்று அதைத் திரும்பக் கிணற்றிலேயே அலசிவிடுகிற வீடு. விளக்கில் பூச்சி விழும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கொலைகாரச் செடி. அப்பாவை நைனா என்போம்; அவர் கண்ணில் பட்டால் தொட்டியோடு தெருவுக்குப் போகும். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டேனா? ஓர் எறும்புகூட அதில் சிக்கக்கூடாது என்று நாலு குச்சி நட்டு, தண்ணீர் வடிகட்டும் துணியையே அதன்மேல் போர்த்தினேன். பூச்சிக்குப் பதில் பால் சொட்டவிட்டேன், வெந்த பருப்பை நசுக்கி வைத்தேன். பி.எஸ்ஸி. படித்த லட்சணம்! மூன்றாம் நாள் பாலும் பருப்பும் பட்ட இலைகள் கறுத்து அழுகின. மற்றவற்றில் பிசின் வற்றியது. செடி செத்தால் வேலை போகும், துணியை எடுத்தால் உயிர்கள் போகும். பாலை நிறுத்தினேன், துணியை எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

பள்ளி திறக்கிற அன்று காலை துணியை விலக்கினேன். புது இலை ஒன்று விரிந்து பளபளத்தது. சந்தோஷத்தில் குனிந்து பார்த்தேன். இலை முழுக்கச் செத்த எறும்புகள். தொட்டி விளிம்பில் வெல்லப் பிசுக்கு. திரும்பினால் அம்மா.

"நான்தான் தெனம் மத்தியானம் துணிய எடுத்துட்டு வெல்லம் தடவுனேன். ஒனக்கு வேல போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. நீ ஒண்ணும் பண்ணல. பாவம் என்னோட போவட்டும்."

நாலைந்து நாளாக வயிறு சரியில்லை என்று அவள் பட்டினி கிடந்தது அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று அப்போதுதான் புரிந்தது. வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், செடியை ஏரிக்கரையிலேயே விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரமாகிறது, நைனா வருவதற்குள் கிளம்பு என்றாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேலை நிரந்தரமானது. அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது எங்கே, என்னவாகப் பிறந்திருக்கிறாளோ என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.