பள்ளத்து வளைவும் நான் எழுதிய ஒரு வரியும்

அந்த வரியை எழுதியவள் நானேதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “நீர்வாழ் உயிரினங்கள்: குறிப்பிடத்தக்கவை இல்லை.”

கோயம்புத்தூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். ஓடை, வாய்க்கால்களில் சீரமைப்பு வேலை தொடங்கும் முன் அந்த இடத்தை அளந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். போன வருடம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பள்ளத்தின் மேல்பகுதியை அளக்கப் போனேன். சிற்றோடையை எங்கள் பக்கத்தில் பள்ளம் என்போம். கடுங்கோடை. நான் நின்ற இடத்தில் மணல் காய்ந்து கிடந்தது. படிவத்தில் உயிரினங்களுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே நிரப்பினேன். தண்ணீர் இல்லை, அதனால் உயிரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அதே பள்ளத்தின் கீழ்ப்பகுதி. இரண்டு வளைவுகளை வெட்டி நேராக்குவது, அடியைச் சமமாக்குவது, இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்புவது என்று திட்டம். மேலாளர் அனுப்பிய படிவத்தில் பாதிக் கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. போன வருட அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். என் வரியும் அதே இடத்தில் இருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

போகும் வழியில், வேலை முடிந்த மேல்பகுதியில் இறங்கிப் பார்த்தேன். நீளமான சிமென்ட் தொட்டி. கணுக்கால்கூட நனையாத தண்ணீர், கை வைத்தால் சுட்டது. கரையில் நின்ற புங்க மரங்களைச் சுவருக்காக எடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் தேடினேன். வழுக்கும் பாசியும் கொசுப் புழுவும் இருந்தன. நான் பார்க்காமல் எழுதிய வரியை அவர்கள் உண்மையாக்கியிருந்தார்கள்.

கீழ்ப்பகுதியில் முதல் வளைவுக்கு வந்தேன். வெளிக்கரையை ஒட்டித் தண்ணீர் குடைந்து குடைந்து ஆழமான மடு ஒன்று உண்டாகியிருந்தது. இந்த வருடமும் கோடைதான்; ஆனாலும் அதில் இடுப்பளவு தண்ணீர். மடுவின் ஓரத்தில் மண்டியிட்டு, டீ வடிகட்டியோடு கற்களைப் புரட்டத் தொடங்கினேன். அந்தக் கரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அக்கா வரப்பில் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மணி, கம்மல் கிம்மல் தொலைச்சுப்போட்டீங்களா?”

“இல்லீங்கக்கா. இங்க என்னென்ன உசுரு இருக்குதுன்னு எழுதிக்கிட்டிருக்கேன்.”

“வடிகட்டியிலயா? படிச்ச புள்ளைக பொழப்பப் பாரு!”

எழுதியது இது: அயிரை, கெண்டைக் குஞ்சுகள், ஒரு விரால். மூன்று வகை நத்தை. தும்பியின் இளம்புழுக்கள். மணல் துகள்களை ஒட்டித் தன்னைச் சுற்றி உறை கட்டியிருந்த புழுக்கள், இவை கல்லுக்கு அடியில் மட்டும். கரையில் நண்டு வளைகள். நீர்மருத மரத்தின் வேர் இடுக்கில் ஒரு தண்ணீர்ப் பாம்பு. அதை எண்ணிவிட்டு நான் பின்வாங்கிய வேகத்தைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கேட்டார். “நண்டுக்கு ஓட்டு இருக்குதா கண்ணு? போன வெள்ளத்துல ரெண்டு தென்னை உழுந்துபோச்சு. நேரா வெட்டி உட்டாத் தண்ணி பாட்டுக்கு ஓடிப்போயிரும்.”

வளைவில் மோதுவதால்தான் மடு உண்டாகிறது, மழை வரும்வரை மீன் அதில்தான் பிழைத்துக் கிடக்கிறது என்றேன். நேராக்கினால் வேகம் கூடி அடுத்த தோட்டத்தை அரிக்கும் என்றும் சொன்னேன்.

“அப்ப என்ற தென்னமரம்?”

நியாயமான கேள்வி. “வெளிக்கரையில மட்டும் சரிவாக் கல் அடுக்கி, மேல வெட்டிவேர் நடலாங்க. வளைவு அப்படியே இருக்கட்டும்.”

“மரம் உழுவாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“முடியாதுங்கக்கா. செவுரு கட்டறவங்களாலயும் முடியாது.”

“அதுவுஞ் செரிதான்” என்று அவர் தோப்புக் கிணற்று மோட்டாரை நிறுத்தப் போனார். சம்மதித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பட்டியலையும் கல் அடுக்கும் யோசனையின் வரைபடத்தையும் சேர்த்து அறிக்கையைக் கொடுத்தேன். மேலாளர் புரட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரு வரிக்கு ரெண்டு பக்கமா?”

“அங்க அவ்வளவு இருந்துச்சுங்க சார்.”

“போன வருஷம் நீதான இல்லைன்னு போட்ட?”

“ஆமாங்க சார். பாக்காமப் போட்டேன்.”

“இதையும் பாக்காமயே போட்டிருக்கலாம்ல?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் அவர் கோப்பை என் பக்கம் தள்ளினார்.

“இந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டுக் கையெழுத்துப் போடு.”

“பக்கம் இருந்தாத்தான் என் கையெழுத்துங்க. இல்லைன்னா நீங்களே போட்டுக்குங்க சார்.”

அவர் போடவில்லை. அந்த இடத்தை அவர் பார்த்ததேயில்லை. மறுவாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் வரைபடத்துக்கு என்னை மாற்றினார். அந்தக் கோப்பு கையெழுத்தில்லாமல் அவர் மேசையிலேயே இருக்கிறது. வளைவுக்கு இயந்திரம் இன்னும் வரவில்லை. எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது; கையெழுத்துப் போட வேறு ஆளா கிடைக்காது?

அதனால் போன வருட வேலையைக் கொடுத்த அலுவலகத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். மேல்பகுதி அறிக்கையில் உயிரினங்களைப் பற்றிய வரி தவறு. கோடையில், பார்க்காமல் எழுதியது. அதைத் திரும்பப் பெறுகிறேன். அங்கே என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியைக் கீழ்ப்பகுதிக்குப் பயன்படுத்தக் கூடாது. பட்டியலையும் வரைபடத்தையும் இணைத்தேன்.

நகலை மேலாளர் நின்றபடியே படித்தார்.

“இத யாரும்மா உன்னக் கேட்டா?”

“யாரும் கேக்கலீங்க சார்” என்றேன். “காலையிலேயே அனுப்பிட்டேன்.”